முப்பதுக்குச் சைபர்

“எம் மகன் கையைப் பழுக்க வச்ச வாத்தி யாரு?”

ஹெட்மாஸ்டர் ஹாலாஸ்யம் நிமிர்ந்து பார்த்தார். அறை வாசலில் ஒருத்தி நின்றிருந்தாள். மேற்கே பத்து மைலிலிருந்து நடந்து வந்த புழுதி முழங்கால் வரை ஏறியிருந்தது. மகன் விருமாண்டியின் மணிக்கட்டைப் பிடித்து, வீங்கிய உள்ளங்கையை அவர் முன் நீட்டினாள்.

“நான்தான் அடிச்சேன். நீ யாரு, தாயாரா?”

“ஆமா. மாயக்காள். எதுக்கு அடிச்சீக?”

“பொய் சொன்னான். அரைப் பரீட்சையில் தமிழ் வியாசம் எழுதவே இல்லை. முப்பதுக்குச் சைபர். கேட்டா, நாலு பக்கம் எழுதினேன்னு சாதிக்கிறான். தலைப்பு என்ன தெரியுமோ? ‘வாய்மை’!”

“எழுதினேன்,” என்றான் விருமாண்டி.

“பாத்தியா, இன்னும் சொல்றான். வகுப்பில் மீதி நாற்பத்தொரு பேரும் ‘உண்மை ஒரு விளக்கு’ன்னு நோட்ஸில் இருக்கிறபடி ஆரம்பிச்சு அழகா எழுதியிருக்கா. இவனுக்கு மட்டும் என்ன கேடு?”

“எம்பிள்ளை அடி வாங்குவான். பொய் சொல்ல மாட்டான் சாமி.”

ஹாலாஸ்யம் சிரித்தார்.

“உங்க ஊர் ஆம்பிளைகளை அந்தி சாஞ்சா போலீஸ் ஸ்டேஷனில் வந்து படுக்கணும்னு சர்க்கார் சட்டம் போட்டிருக்கு. ஒரு நாள் தவறினா ஜெயில். உங்க வாய்மையைப் பாத்துதான் போட்டாளாக்கும்!”

ஜன்னலில் எட்டிப் பார்த்த பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

“களவெடுத்ததுக்கா எங்க ஆளுக ஸ்டேஷன்ல கைரேகை வச்சாக? அந்த ஊர்ல பொறந்ததுக்கு வச்சாக. அதை எதுக்கு இங்க இழுக்குறீக? பேப்பரைத் திருத்துன ஆளைக் கூப்பிடுங்க.”

தமிழ் வாத்தியார் சிவசங்கரன் வந்தார். தலை குனிந்தே வந்தார்.

“நீதானா அது?” மாயக்காள் அவர் பக்கம் திரும்பினாள். “பழங்காநத்தத்துல எந்தங்கச்சி வீட்டுல தங்கித்தான் படிக்கிறான். லீவுக்கு ஊருக்கு வந்தா ஓயாம உன் பேச்சுத்தான். மனப்பாடம் பண்ணுனதைக் கக்காதே, கண்ணால பாத்ததை எழுது, பேரு, கிழமை, இடம் எல்லாம் போட்டு எழுது, அப்பத்தான் படிக்கிறவன் பேப்பரைக் கீழ வைக்க மாட்டான்னு எங்க சார் சொன்னாக, எங்க சார் சொன்னாகன்னு உசுரை எடுப்பான். அந்தச் சாரு நீதானா?”

“நான்தாம்மா.”

“இவன் எழுதலையா?”

“எழுதலை.”

“சார்!” விருமாண்டியின் குரல் உடைந்தது. “நீங்க சொன்ன மாதிரியே எழுதினேன் சார். ‘உண்மை ஒரு விளக்கு’ன்னுகூட ஆரம்பிக்கலை. நடந்ததுல இருந்துதான் ஆரம்பிச்சேன்.”

ஹாலாஸ்யம் பிரம்பால் மேஜையைத் தட்டினார். “அப்படி என்னதான் எழுதிக் கிழிச்சே? சொல்லு, கேப்போம்.”

“எங்கப்பா ஒரு நாள்…”

“வாயை மூடுடா!”

சிவசங்கரன் போட்ட சத்தத்தில் ஜன்னலில் நின்ற பையன்கள் ஓடிவிட்டார்கள்.

“கேக்காதீங்க சார். நின்ன இடத்திலேயே ஒரு கதையை இட்டுக்கட்டிச் சொல்லுவான். மகா புளுகன்.”

மாயக்காள் சிவசங்கரன் முன்னால் போய் நின்றாள்.

“நீயெல்லாம் ஒரு வாத்தி! சொல்லிக் குடுத்த வாயாலயே புளுகன்னு சொல்லிட்டியே. வெளங்குவியா நீ?”



“இங்கே கத்தாதே,” என்றார் ஹாலாஸ்யம். “‘வியாசம் எழுதவில்லை, பொய் சொன்னேன், மன்னிக்கவும்’னு எழுதி இவன் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா இன்னைக்கே பேரை அடிச்சுடுவேன்.”

“போட மாட்டேன்,” என்றான் விருமாண்டி.

“போடாதடா. பொய்யன்னு பேரெடுத்துப் படிக்கிறதுக்கு மாடு மேய்க்கலாம். வா போவோம்.”

மைதானத்தைத் தாண்டி வாசல் கேட்டை நெருங்கியபோது, பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. சிவசங்கரன்.

“கொஞ்சம் நில்லுங்கம்மா.”

“இன்னும் என்ன பாக்கி வச்சிருக்க?”

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

“இவன் நாலு பக்கம் எழுதினது நெஜம். நான்தான் கிழிச்சு எங்க வீட்டு அடுப்பில் போட்டேன்.”

“அடப் பாவி!” மாயக்காள் கையை ஓங்கிவிட்டாள்.

அவர் விலகவில்லை.

“பத்து வருஷமா வியாசம் திருத்துறேன். இப்படி ஒண்ணு படிச்சதில்லை. முப்பதுக்கு முப்பதும் போடலாம்.”

“பின்னே எதுக்குய்யா எரிச்சே?”

“எல்லார் பேப்பரையும் ஹெட்மாஸ்டர் வாசிப்பார். அப்புறம் சர்க்கார் ஆபீசுக்குப் போகும்.” அவர் குரல் இறங்கியது. “கார்த்திகை மாசம், ரெண்டாவது செவ்வாய்க்கிழமை. தீபத்து லீவுக்கு இவன் ஊருக்கு வந்திருந்தான். இவங்க அப்பா காய்ச்சலில் எழுந்திருக்க முடியாம ஸ்டேஷனுக்குப் போகலை. ரோந்து வந்த போலீஸ்காரர்கிட்டே, ‘அப்பவே பொறப்பட்டுப் போயிட்டாக’ன்னு நீங்க சொன்னீங்க. ஸ்டேஷனில் பேர் கூப்பிட்டப்ப, சித்தப்பா மொக்கையன் அண்ணனுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்தார். அப்பா குதிருக்குள்ளே இருந்தார். ஒண்ணு விடாம எழுதியிருக்கான்.”

ஓங்கிய கை இறங்கியது. மாயக்காள் மகனைப் பார்த்தாள்.

“நெசத்தைத்தான ஆத்தா எழுதுனேன்?” என்றான் அவன்.

அவள் அவனுடைய வீங்கிய கையை மெல்லத் தடவினாள். பிறகு அவன் தோளைப் பிடித்து ஹெட்மாஸ்டர் அறைப் பக்கம் திருப்பினாள்.

“போ. எழுதலைன்னு கையெழுத்துப் போட்டுட்டு வா.”