நாலு பல் ஸ்பேனர்

"மாப்ள, இது ஸ்பேனரா, இல்ல பல்லு போன கெழவன் வாயா?"

"நட்டுல நாலு பள்ளம், இதுல நாலு பல்லு. அவ்வளவுதான் கணக்கு. ஆடாம பிடி!"

ஸ்பேனராக மாறிக்கொண்டிருந்த பழைய தண்ணீர்க் குழாயைக் கிளைவ் அழுத்திப் பிடித்துக்கொள்ள, ராஸ் அதன் விளிம்பை மறுபடியும் இரும்பு அறுக்கும் கிரைண்டரால் சீவினான். ஷெட்டின் முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறந்து வைத்திருந்தும் உள்ளே அடுப்புச் சூடு.

மேஜை மேல் இருவரும் செய்த மற்ற கருவிகள் கிடந்தன. பேரிங்கைப் பிடித்து இழுக்க, உடைந்த கலப்பைத் தகட்டில் ஓட்டை போட்டுச் செய்த புல்லர். கியருக்குள் இருக்கும் ஊசி ஊசியான ரோலர்கள் உதிராமல் தாங்க, துடைப்பக் கட்டையை இழைத்துச் செய்த டம்மித் தண்டு. பேரிங்கை அடித்து இறக்க ஒரு கனமான குழாய். அது பக்கத்து வயல்காரி ஜானிஸ் துணி காயப்போடும் கம்பம். கேட்டதும் பிடுங்கிக் கொடுத்துவிட்டாள். கம்பெனிக் கருவிகள் பெர்த்திலிருந்து வந்து சேர்வதற்குள் கோடையே முடிந்துவிடும்.

கோடை முடியும்வரை காத்திருக்க முடியாது. கியர் பாக்ஸ் உடைந்து நின்றது ஊரின் ஒரே தீயணைப்பு லாரி.

கோதுமை விவசாயியான கிளைவ்தான் ஊர்த் தீயணைப்புக் குழுவுக்கு கேப்டன். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. ராஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். இன்று மதியம் மாவட்டத் தீயணைப்பு அதிகாரி வருகிறார். லாரி நகர்ந்தால் சரி. நகராவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார், குழுவையும் கலைத்துவிடுவார். பிறகு தீப்பிடித்தால் ஒரு மணி நேரத் தொலைவிலிருந்து பக்கத்து ஊர் லாரிதான் வர வேண்டும்.

"ஓடாத லாரிக்கு கேப்டன் எதுக்குய்யான்னு போன்ல கேட்டான் மாப்ள."

"நீ என்ன சொன்ன?"

"மத்தியானம் வாங்க, உங்கள உட்கார வெச்சே ஓட்டிக் காட்டறேன்னேன்."

"அடப்பாவி! கடைசி நட்டே இன்னும் ஏறலையே!"

"அதான் கத்துறேன், சீக்கிரம் சீவுடா!"

வாசலில் ஜானிஸ் வந்து நின்றாள். "என்னப்பா, இன்னும் அறுத்துக்கிட்டே இருக்கீங்க? என் நாய் கட்டிலுக்கு அடியில போனது வெளியவே வரல."

"நாய்கிட்ட மன்னிப்பு கேட்டோம்னு சொல்லு ஜானிஸ். இதான் கடைசி."

"என் கம்பம் என்ன ஆச்சு?"

"பிரமாதமா வேலை செஞ்சது! உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"லாரியை ஓட வைங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ராஸ் லாரிக்கு அடியில் நுழைந்தான். நாலு பல்லும் நாலு பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. நீளக் கம்பியைச் செருகி இருவரும் தொங்கினார்கள். நட்டு முனகிக்கொண்டே இறுகியது. சக்கரங்களுக்குப் போகும் தண்டை மாட்டி போல்ட்டுகளை முடுக்கி நிமிரவும், வாசலில் அதிகாரியின் வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

கிளைவ் சாவியைத் திருப்பினான். கிளட்ச். முதல் கியர். ஒரு சத்தமும் இல்லை. லாரி வெண்ணெயில் வழுக்குவதுபோல் நகர்ந்தது. ராஸ் விசிலடித்தான். அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நெருப்பு! என் வயல்ல நெருப்பு!" ஜானிஸ் கத்திக்கொண்டே ஓடி வந்தாள்.

அறுவடை முடிந்த தாள்கட்டைகளில் தீ காற்றோடு ஓடிக்கொண்டிருந்தது. லாரி பாய்ந்தது. பின்னால் தொற்றிக்கொண்டு வந்த அதிகாரியே குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தார். ஜானிஸின் வைக்கோல் கொட்டகையைத் தொட இருந்த நேரத்தில் தீ செத்தது.

அதிகாரி முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டார். "பக்கத்து ஊர் லாரி வந்திருந்தா சாம்பலுக்குத்தான் தண்ணி ஊத்தியிருக்கும். வண்டி இங்கயே இருக்கட்டும் கேப்டன்." கிளைவின் கையைக் குலுக்கிவிட்டுக் கிளம்பினார்.

ஜானிஸ் இருவரையும் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்க மட்டும் இல்லன்னா என் வீடே போயிருக்கும்! எல்லாம் ரோட்டுல கேரவன் வண்டியில ஊர் சுத்துறவனுங்க வேலை. சிகரெட்டை எறிஞ்சிட்டுப் போயிருப்பானுங்க." அந்த நாலு பல் ஸ்பேனரை வாங்கி முத்தம் கொடுத்தாள். "இதை ஊர் மண்டபத்துல மாட்டச் சொல்லப் போறேன். இருங்க, லாமிங்டன் கேக் எடுத்துட்டு வரேன்."

அவள் போனதும் இருவரும் மிச்சக் கங்குகளை மிதித்து அணைத்தபடி கருகிய நிலத்தில் நடந்தார்கள். கொட்டகைப் பக்கம் அகலமாக இருந்த கரி, நடக்க நடக்கக் குறுகிக்கொண்டே போனது. தீ பிறந்த இடத்தில் ஒல்லியாகத்தான் இருக்கும் என்பது எந்தத் தீயணைப்புக்காரனுக்கும் தெரியும்.

"மாப்ள," ராஸ் நின்றான். "ரோடு அந்தப் பக்கம்ல இருக்கு?"

கரி ஒரு வாலைப்போல ஒடுங்கி, அவர்கள் பொறி பறக்கக் கிரைண்டர் ஓட்டிய ஷெட்டின் பின்வாசலில் வந்து முடிந்திருந்தது.

காலையில் சாலையோரத் தீ அபாயப் பலகையில், 'இன்று யாரும் கிரைண்டரைத் தொடக் கூடாது' என்னும் சிவப்புக்கு முள்ளைத் திருப்பி வைத்துவிட்டு வேலைக்கு வந்தது, சாட்சாத் கேப்டன் கிளைவேதான்!

அதோ, ஜானிஸ் தட்டோடு வந்துகொண்டிருக்கிறாள். நீங்களே சொல்லுங்க, கிளைவ் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லணுமா, இல்ல கேக்கைப் போட்டு வாயை அடைச்சுக்கணுமா?