போனே பண்ணாத வாடிக்கையாளர்

“மூணு வருஷமா சந்தா கட்டறாங்க. உதவி வேணும்னு ஒரு தடவைகூட அந்த லாண்டரியில இருந்து போன் வரலைண்ணா,” என்றாள் தங்கை.

“வராத வரைக்கும் நிம்மதி,” என்றான் அண்ணன்.

இரண்டே பேர் கொண்ட கம்பெனி. சலவைக்கு வரும் துணிகளுக்கு நம்பர் போட்டுத் தொலையாமல் பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேரை எழுதியவள் தங்கை. ஓப்பன் சோர்ஸ். யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிரித்துப் பார்த்துத் திருத்தவும் செய்யலாம். ‘ஒத்தை சாக்ஸ்’ என்ற பெயரில் முகம் தெரியாத யாரோ ஒருவர் மாதாமாதம் பிழைகளைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

போனில் உதவி வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் வருடச் சந்தா. அந்தப் பெரிய லாண்டரியின் சந்தாவில்தான் ஆபீஸ் வாடகையே ஓடியது.

“இலவசம்னே அந்த லாண்டரியம்மாவுக்குத் தெரியலை போல. ஏமாத்தற மாதிரி உறுத்துது. நேர்ல போய்ச் சொல்லிடறேன்.”

“கட்டாதவன் கூப்பிட்டா ஒரு மணி நேரம் பேசறே. கட்டறவங்ககிட்ட போய், கட்டாதீங்கன்னு சொல்லப் போறே. உருப்பட்ட மாதிரிதான். வரும்போது ஆபீசை இழுத்து மூட ஒரு நல்ல பூட்டா வாங்கிட்டு வா.”

லாண்டரியில் ஆறு மெஷின்கள் ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டிருந்தன. முதலாளியம்மா தலையணை உறைகளை மடித்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். மடிப்பு ஒன்றுகூடக் கோணவில்லை.

“இலவசம்னு தெரியுமேம்மா.”

“தெரியுமா? அப்ப, சிக்கல் வந்தா கூப்பிடலாம்னு...”

“எதுக்குக் கூப்பிடணும்? என் மருமகளே பிரிச்சுப் பார்த்துச் சரி பண்ணிடுவா. சரி பண்ணினதை உங்களுக்கும் அனுப்பிட்டுத்தான் இருக்கா.” உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். “ஒத்தை சாக்ஸ், இங்க வா. யார் வந்திருக்காங்க பாரு.”

இஸ்திரி மேஜைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வெட்கமாகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

தங்கை முதலாளியம்மாவிடம் திரும்பினாள். “வேலையையும் நீங்களே பார்த்துட்டு, பணத்தையும் கட்டறீங்களா? எதுக்கும்மா?”

“இந்த ஊர்ல ஒத்தை மெஷினோட பொழைக்கற கடை இருபது இருக்கு. எனக்குப் போட்டிக் கடைங்கதான். எல்லாம் உங்க சாஃப்ட்வேரை ஓசியில ஓட்டுது.”

“தெரியும். அடிக்கடி கூப்பிடுவாங்க.”

“நீங்களும் சலிக்காம எடுத்துப் பேசறீங்களாமே?”

முதலாளியம்மா கடைசி உறையை மடித்து அடுக்கின் மேல் வைத்தார்.

“நான் கட்டறது அந்தப் போனுக்கும்மா.”