மேசைக்கு மேசை

1982 ஜூன் 30, பிற்பகல் மூன்று மணிக்குக் கேகாலைத் தோட்டங்களின் பிராந்தியக் காரியாலயத்தில் இருந்தவர்கள்: ஜன்னலோரத் தேயிலை மேசையில் பத்மாசனி. எதிரே ரப்பர் மேசையில் ஜாபிர். நடுவில் கொம்பியூட்டருக்கு முன்னால் அதை நடத்தும் நான். கதவடி வாங்கில் காத்தமுத்து.

காத்தமுத்து உட்கார்ந்தார், எழுந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

புளத்கொகுபிட்டியப் பக்கத் தோட்டத்து ஆள். பிரஜாவுரிமை மனுவோடு அவருக்கும் மனைவி மூக்காயிக்கும் சேவைச் சான்றிதழ் போக வேண்டும். அன்று கடைசி நாள். நாலு மணிக்குத் தபால் பையைக் கட்டிவிடுவார்கள். தவறினால் இந்தியாவுக்குக் கப்பல்தான்.

கொம்பியூட்டருக்கு மூளை ஒன்று. கொடுத்த வேலைகளைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி கொடுக்கும். பத்மாசனி கொடுத்தது ஒரே வேலை, தேயிலைத் தொழிலாளரின் சான்றிதழ்கள். ஜாபிர் பதின்மூன்று. பதினான்கு நொடியில் தேயிலைக்கு ஒன்றுதான்.

மூன்று இருபதுக்குக் காத்தமுத்து ஒன்பதாம் முறை எழுந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

முறையை மாற்றினேன். இனி வேலைக்கு வேலை பங்கில்லை, மேசைக்கு மேசை. பாதி நேரம் தேயிலைக்கு. மற்றப் பாதிக்குள் ரப்பரின் பதின்மூன்றும்.

"நல்லாரிக்கி. ஒத்தப் புள்ளக்காரிக்கு அரைப் பானை சோறு. என்ட பதிமூணும் மத்த அரையில நக்கட்டும்," என்றார் ஜாபிர்.

பத்மாசனி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மூன்று நாற்பதுக்குக் காத்தமுத்துவின் சான்றிதழ் அச்சாகி வந்தது. முத்திரை குத்தி நீட்டினேன்.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை.

"மூக்காயிக்கு வரலீங்களே ஐயா. அவ கொழுந்து எடுக்கிறவ இல்லீங்க, ரப்பர் பால் வெட்டுறவ."

ஜாபிரின் விரல் திரையில் இறங்கி, மூக்காயியின் சான்றிதழ் இருந்த பதின்மூன்றாவது வேலையில் நின்றது.

மற்றப் பன்னிரண்டையும் நிறுத்தினேன். அப்படியும் இருபத்தைந்து நிமிடம் வேண்டும். மூன்று இருபதுக்கே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அந்த இரண்டு வேலைகளை மட்டும் ஓடவிட்டிருந்தால் இரண்டும் வந்திருக்கும்.

மணி நாலாகப் பியோன் பையோடு வாசலில் நின்றான். காத்தமுத்து தன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"என்னத மட்டும் அனுப்பாதீங்க. அவ கப்பல்ல, நான் தோட்டத்து லயத்துலயா?"

பிரஜாவுரிமைக் காரியாலயத்துக்கு ஒரு நாள் தவணை கேட்டுக் கடிதம் எழுதினேன். 'தாமதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு, 'கொம்பியூட்டரின் பிழை' என்று எழுதி முடித்தேன்.

என்ன எழுதினேன் என்று காத்தமுத்து கேட்கவில்லை. என்னைக் கும்பிட்டார்.

உறையை ஒட்டிப் பைக்குள் போட்டேன்.