பால் வெள்ளை

“மஞ்சள் வேண்டாம்ப்பா. அது மழைக்கும் பனிக்கும்தான். உங்களுக்கு வெள்ளைதான் சரி. அண்ணே, கடையிலேயே நல்ல வெள்ளையா எடுங்க!” என்றான் மகன்.

ஹெட்லைட் கடைக்காரர் அலமாரியைத் திறந்து மூன்று அட்டைப் பெட்டிகளை மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு பல்பாக எடுத்துப் பேட்டரியில் கொடுத்து எரியவிட்டுக் காட்டினார். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம் கலந்த வெள்ளை, ஒன்று பால் வெள்ளை.

பெரியவர் மூன்றையும் குனிந்து பார்த்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் இரவு பஸ் ஓட்டியவர்.

“நீலம் பார்க்க ஷோக்கா இருக்கும். ஈர ரோட்டுல விழுந்தா இருந்த இடம் தெரியாது. போதாக்குறைக்கு எதிர்ல வர்றவன் நம்ம பரம்பரையையே திட்டுவான். இந்தப் பால் வெள்ளையே போடு தம்பி. கண்ணாடியில விரல் படாம பிடிச்சு மாட்டு.”

“ஐயாவுக்குத் தெரியாததா!” என்ற கடைக்காரர், பல்பை எடுத்துக்கொண்டு சட்டென்று திரும்பிவிட்டார்.

இந்த இரண்டு மாதத்தில் பல்பு மாற்ற அவர்கள் வருவது இது நான்காவது தடவை.

“நீங்க போய் சீட்டுல உட்காருங்கப்பா. நான் கூடவே நின்னு மாட்டச் சொல்றேன்,” என்று மகன் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கடைக்குள் நின்ற காரில் உட்கார வைத்தான். பானெட்டைத் தூக்கிவிட்டு, கடைக்காரருக்கு செல்போன் வெளிச்சம் பிடித்தான். வேலை முடிந்ததும் இருட்டுக்காகக் கடையின் ஷட்டரை இறக்கினார்கள்.

“இப்பப் போடுங்கப்பா!”

பெரியவர் சுவிட்சைத் திருகினார். எதிர்ச் சுவரில் ஏதோ தண்ணீர்க் கறை மாதிரி லேசாகத் தெரிந்தது.

“போட்டுட்டேனே... பத்திக்கிச்சா?”

“என்னப்பா இப்படிக் கேக்கறீங்க? சுவரே பத்தி எரியுது! அண்ணே, நீங்களே சொல்லுங்க.”

“ஆமாங்கய்யா. நல்ல... வெளிச்சம்.”

“சுவத்துல என்னமோ எழுதியிருக்கே, படிங்கப்பா பார்ப்போம்.”

பெரியவர் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து பார்த்தார். “எழுத்தா? எங்கே?”

“‘இங்கே புகை பிடிக்கக் கூடாது.’ எவ்வளவு பெரிய எழுத்து! எனக்கு இங்கிருந்தே தெரியுதே.”

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி போட்டுப் பார்த்தார்.

“கையில எரிஞ்சப்ப சூரியன் மாதிரி இருந்துச்சே, தம்பி?”

“கிட்டத்துல எல்லாருக்கும் அப்படித்தாங்கய்யா,” என்றார் கடைக்காரர், தரையைப் பார்த்து.

“கண் டாக்டர் கூட ஒண்ணுமில்ல, பழைய கண்ணாடியே போதும்னாரே.”

“அவர் பகல்ல உட்கார்ந்து சொல்றாரு. ராத்திரி உங்ககூட வண்டியிலயா வந்தாரு?” என்ற மகன் ஜன்னலோரம் குனிந்தான். “மனசை விட்டுடாதீங்கப்பா. இதைவிடப் பெரிசா இன்னொண்ணு போட்டுப் பார்ப்போம்.”

“வேண்டாம்ப்பா. பல்பு என்ன பண்ணும், பாவம்.” அவர் ஸ்டியரிங்கைத் தடவினார். “வெள்ளிக்கிழமை வர்றேன்னு உன் தங்கச்சிகிட்ட சொல்லியிருந்தேன். மாசமா வேற இருக்கா. நான் போய் நின்னாத்தான் அவளுக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்கு.”

தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட தங்கையிடம் மகன் பேசுவதில்லை. அவள் இருக்கும் மலையூருக்கு மதியத்துக்கு மேல் பஸ் கிடையாது. பேரப்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து விட்ட பிறகு, இருட்டில் இந்தக் காரில் போய் வந்தால்தான் பெரியவருக்கு மகள் முகம்.

“நான் அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்தான். ஆனா நீங்க போறதை ஒரு நாளாவது தடுத்திருக்கேனாப்பா?”

“நீ எங்கே தடுத்தே? கண்ணு தடுத்துடுச்சு.” பெரியவர் விளக்கை அணைத்தார். “போன வாரம் வளைவுல ஒரு புள்ளைத்தாச்சி நடந்து வந்தா. பக்கத்துல வந்தப்புறம்தான் தெரிஞ்சா. பிரேக் அடிச்சேன், நூலிழையில தப்பிச்சா. என் பொண்ணு மாதிரியே இருந்தா... இனிமே நான் ஓட்டக் கூடாதுப்பா.”

சாவியை உருவி மகன் கையில் வைத்தார். வைத்த பிறகும் விரலை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“இருங்கப்பா, நானே வீட்டுல கொண்டு விடறேன்.”

“இன்னிக்கு வேண்டாம். இந்த வண்டியில பக்கத்து சீட்டுல உட்கார்ந்து பழக்கமில்ல.”

ஷட்டரை ஏற்றியதும் வெளியே போய் ஓர் ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டார். அது தெரு முனை திரும்பும்வரை மகன் கையசைத்தபடி நின்றான்.

கடைக்காரர் பானெட்டைத் தூக்கினார்.

“தம்பி, நீங்க எனக்குக் குடுக்கற ஆபீஸ் வண்டி வேலை கைவிட்டுப் போயிடக் கூடாதேன்னு நாலு தடவை தலையாட்டிட்டேன். அந்தப் புள்ளைத்தாச்சி மேல வண்டி மோதியிருந்தா பாவம் நம்ம தலையிலதான்.”

“அதான் எல்லாம் முடிஞ்சுதே அண்ணே,” என்றான் மகன், சாவியை விரலில் சுழற்றியபடி. “நாம மாட்டி வச்ச அந்த மங்கல் பல்பைக் கழட்டிக் கடாசிட்டு, அப்பா எடுத்துக் குடுத்த பால் வெள்ளையைப் போடுங்க. பல்பு பார்க்கறதுல அவர் கண்ணு தப்பாது.”