வால் சேர்க்கும் விளையாட்டு

"ரப்பர், தவளை, மின்னல், அரைக்கிலோ, ரெட்டைப் பின்னல், வாயாடி, முட்டை. ஏழு பேரும் வந்தாச்சு மேடம்" என்றாள் மாஸ்டர்.

மேடம் நோட்டில் குறித்துக்கொண்டார். "ஏழு பேரும் முழுசா இறங்கணும். யாருக்காவது அடிபட்டுச்சு, அடுத்த வாரம் வகுப்பு கிடையாது."

ஒரு மணி நேரம், ஒரே டிராம்போலின். பந்து கேட்டதற்கு மேடம் தலையை ஆட்டி மறுத்தார். கயிறு என்றதும் முறைத்தார். கையில் ஒன்றும் இல்லாமல் ஆட மாஸ்டரே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். பெயர், வால். ஒருவர் குதித்து ஒரு வித்தை காட்டுவார். அடுத்தவர் அதைச் செய்துவிட்டுத் தன்னுடையதை வாலாக ஒட்ட வேண்டும். மறந்தால் அவுட்.

முட்டை மாஸ்டரின் மகள். மூன்று வாரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓரத்திலேயே உட்கார்ந்திருந்ததால் வந்த பெயர். மற்றவர்களைப் போல அவளும் "மாஸ்டர்" என்றுதான் கூப்பிட்டாள். ஒரு தடவைகூட "அம்மா" வரவில்லை. அது மாஸ்டருக்குச் செருப்பில் சிக்கிய முள்.

பெஞ்சில் மற்ற ஆறு அம்மாக்கள்.

"எங்க பிள்ளைங்களைப் பறக்க விட்டுட்டா. இவ குஞ்சு மட்டும் கூட்டை விட்டு நகரல" என்றாள் வாயாடியின் அம்மா.

ஆறு வால் சேர்ந்துவிட்டது.

"முட்டை, வர்றியா?"

"விழுந்துட்டா?"

"விழு. அதையும் வாலாக்கிடு."

முட்டை ஏறினாள். கைதட்டல், அரைச் சுற்று, முழங்கால் தொடல். மூன்று வாரமும் அவள் கண் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. ஆறும் பிசகவில்லை. ஏழாவதில் கால் வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் மேலே எகிறி, நேராக நின்றாள்.

"இதான் என் வால்."

ரப்பர் முயன்றான். உட்கார்ந்தவன் எழவே இல்லை.

"ரப்பர் பஞ்சர்" என்றாள் அரைக்கிலோ. பெஞ்சே சிரித்தது.

"மாஸ்டர் உனக்கு மட்டும் தனியா சொல்லித் தந்தாங்களா?" என்றான் ரப்பர் கடுப்பாக.

"மாஸ்டர் இல்ல. எங்கம்மா."

சத்தமாகவே சொன்னாள். மாஸ்டர் அழவில்லை. பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். வாயாடியின் அம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

மணி அடித்தது.

"சித்தி வெளியே நிக்கிறா. செருப்பை மாத்திப் போடாதே" என்றாள் மாஸ்டர் முட்டையிடம்.

"அடுத்த வாரம் புது வால் கொண்டு வர்றேம்மா."

பிள்ளைகள் தெருப்பக்கக் கதவு வழியாக ஓடினார்கள். மேடம் இப்போது அம்மாக்களை எண்ணினார். ஏழு. எதிர்ப்பக்கம் வரிசையாக உள்ளே நடந்தார்கள். தலை நிமிர்ந்து கடைசியாகப் போன மாஸ்டருக்குப் பின்னால், மேடம் சிறைக் கதவைச் சாத்திப் பூட்டினார்.