முதல் வடை

'வெளியிடு' என்ற பொத்தானுக்கு மேல் அவள் கட்டைவிரல் நின்றது.

பயமெல்லாம் இல்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டு அழுத்தலாம் என்று இருந்தாள், அவ்வளவுதான்.

ஒன்பது வருஷமாக அந்த வலைப்பூவில் அவள் பெயர் கறிவேப்பிலை. இன்றிலிருந்து கிடையாது. தளத்துக்காரன் விதியை மாற்றிவிட்டான். கைப்பேசி எண்ணைக் கொடுத்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். எழுதுகிறவருக்கும் சொந்தப் பெயர், கருத்துப் போடுகிறவருக்கும் சொந்தப் பெயர்.

போதாக்குறைக்கு விளம்பரம் வேறு. போன பதிவில் அவள் உருகி உருகி எழுதிய இடத்துக்கு நடுவே மூட்டுவலித் தைலம் வந்து உட்கார்ந்துகொண்டது.

வாசகர்கள் கொதித்துப்போனார்கள். கடையைக் கட்டுகிறேன் என்றார் ஒருவர். அந்தத் தைலத்தை அவன் தலையிலேயே தேய்க்கணும் என்றார் இன்னொருவர்.

அவள் அசரவில்லை. முத்துவடிவு என்கிற பெயருக்கு என்ன குறைச்சல்?

கவலை ஒன்றே ஒன்று. அனானி.

பதிவு போட்டதும் முதலில் ஓடிவந்து கருத்துப் போடுகிறவருக்கு வடை. அது வலைப்பூக்காரர்கள் வழக்கம். ஒன்பது வருஷமும் அந்த வடை பெயர் சொல்லாத அந்த ஒரே அனானிக்குத்தான் போயிருக்கிறது. 'வடை எனக்கு' என்று தொடங்கி ஒரு வரி. ஒருவருமே படிக்காத காலத்தில் அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் எழுதினாள்.

இனி அனானி வரமாட்டார் என்று எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

வருவார், சொந்தப் பெயரோடு வருவார் என்று பதில் போட்டாள். வராவிட்டால் வலைப்பூவையே இழுத்து மூடுகிறேன், பந்தயம்.

அழுத்தினாள்.

பதிவு வழக்கம்போல இஞ்சியாரைப் பற்றியது. இஞ்சியார் என்றால் அவள் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தின் கண்காணிப்பாளர். முகம் அப்படி.

இதோ, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். வலது கையில் தயிர்சாதம், இடது கையில் கைப்பேசி. சாப்பிடும்போதும் பங்குச்சந்தை பார்க்கிற ஜென்மம் என்று எழுதியிருந்தாள். அவராவது, வலைப்பூ படிப்பதாவது!

ஒரு நிமிஷம்.

இரண்டு நிமிஷம். தைலம் மட்டும் வந்தது.

மூன்றாவது நிமிஷம் கருத்து வந்தது.

'வடை எனக்கு.'

பக்கத்தில் பெயர். தி. அறவாழி.

அடப் பாவி மனுஷா!

அவள் தலை நிமிரவில்லை. தடுப்புக்கு வெளியே தொங்குகிற பெயர்ப்பலகையிலும் அதே பெயர்தான்.

விரல் பழைய பதிவுகளுக்கு ஓடியது. அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு லீவு கேட்டு, அவர் முகத்தில் அடித்தாற்போல முடியாது என்று சொன்ன அன்று, அழுதுகொண்டே எழுதியது. முதல் கருத்து இப்படி இருந்தது.

'வடை எனக்கு. இஞ்சி செய்தது தப்பு.'

மறுநாள் காலையில் லீவு விண்ணப்பம் கையெழுத்தோடு அவள் மேஜையில் கிடந்தது. என் துணிச்சலைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று அலுவலகம் முழுக்கப் பெருமையடித்திருந்தாள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பந்தயத்தில் ஜெயித்துவிட்டாளே! சந்தோஷம்தான் ஒரு படி கூடுதலாக இருந்தது.

எழுந்து கேன்டீனுக்குப் போனாள். சூடாக ஒரு மெதுவடை வாங்கினாள். தடுப்பைத் தாண்டிக் கொண்டுபோய், தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவர் வடையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகம் இஞ்சி தின்றாற்போலவேதான் இருந்தது.

கைப்பேசியை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்குப் பங்குச்சந்தையெல்லாம் தெரியாதும்மா" என்றார்.