காது மந்தமான சாமி

கற்பூர மரத்துக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்து நின்றான் சுயேஜி. எபிசு கோயிலின் பின்சுவரைப் பலகை அதிரத் தட்டிக்கொண்டிருந்தான் அவனுடைய அண்ணன் இவாகிச்சி.

மீன்பிடிக்கிறவர்களின் சாமியான எபிசுவுக்குக் காது மந்தம். பின்னால் போய்த் தட்டி, உரக்கச் சொன்னால்தான் ஏறும் என்பது துறைமுகத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

“சாமீ! காக்கைப் பாறைக்குக் கிழக்கால சூரை மீன் வந்து மொய்க்குது! நாளைக்கு விடியறதுக்குள்ள அங்க போறவனுக்குப் படகு நிறையணும்! கிழக்கால சாமி, மேற்கால இல்ல!”

இப்படி மூன்று தடவை கத்திவிட்டு, கும்பிட்டு, படியிறங்கிப் போனான் இவாகிச்சி. நல்ல வேளை, வாசலில் சாய்த்திருந்த தன் சைக்கிளை அவன் கவனிக்கவில்லை என்று பெருமூச்சு விட்டான் சுயேஜி.

அப்பாவின் படகை யார் ஓட்டுவது என்று முட்டிக்கொண்டதிலிருந்து இருவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. சுயேஜியின் படகோ இருபது நாளாக வெறுமனே திரும்பிக்கொண்டிருந்தது. “நாளைக்கும் இப்படின்னா நாங்க வேற படகு பாத்துக்கறோம்” என்று ஆட்கள் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள்.

சாமியிடம் அழுவதற்கென்று வந்தவன், கும்பிடக்கூடச் செய்யாமல் வீட்டுக்கு ஓடினான்.

மறுநாள் விடியுமுன் காக்கைப் பாறைக்குக் கிழக்கே தூண்டில் இறங்கியது. சூரைகள் படகின் தளத்தில் தொப்புத் தொப்பென்று விழுந்த சத்தத்தில், பக்கத்தில் நின்றவன் பேச்சு காதில் விழவில்லை.

“உங்க அண்ணன் படகக் காணமே, தூங்கிட்டாரா?” என்று கத்தினார் இன்ஜின் பார்க்கிற ஹொசோதா.

“தூங்கினா நமக்கென்ன!” என்றான் சுயேஜி. சொல்லிவிட்டானே தவிர, அதற்குப்பின் அவனுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

மாலையில், இருந்ததிலேயே பெரிய மீனைக் கயிற்றில் கோத்துக்கொண்டு கோயிலுக்குப் போனான். பின்சுவரருகே இவாகிச்சி நின்றிருந்தான்.

மீனை அவன் காலடியில் வைத்தான் சுயேஜி. “அண்ணே, உன் வேண்டுதல ஒட்டுக்கேட்டேன். உனக்கு வரவேண்டிய மீன நான் திருடிட்டேன்.”

இவாகிச்சி திரும்பிப் பார்க்கவில்லை. பலகையை மறுபடி ஓங்கித் தட்டினான்.

“சாமீ! நேத்து நான் யார் காதுல விழணும்னு அப்படிக் கத்தினேன்னு, இந்த மரமண்டைக்கு நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க!”